இருதய மாத்திரை சாப்பிடுபவரின் காலில் செந்நீலப் புள்ளிகள் எழுந்தால் செய்ய வேண்டியவை

மாரடைப்புக்குப் பிறகோ, வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, ரத்த அழுத்தத்துக்காகவோ புதிய மாத்திரை தொடங்கியவருக்கு, ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் கணுக்காலைச் சுற்றியும் முழங்காலுக்குக் கீழேயும் சிவப்பும் ஊதாவுமான புள்ளிகள் கூட்டமாக எழுந்தால், தோலிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் அழற்சி அடைந்திருக்கலாம் என்று எண்ண வேண்டும். சிலருடைய நோயெதிர்ப்பு அமைப்பு, உள்ளே போன மருந்தை எதிரியாகக் கண்டு எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குகிறது. அந்தப் புரதமும் மருந்தும் சேர்ந்த திரள்கள் நுண்குழாய்களின் சுவரில் படிய, வெள்ளணுக்கள் அங்கே குவிந்து சுவரைச் சிதைக்க, சிவப்பணுக்கள் வெளியே கசிந்து புள்ளிகளாகத் தெரிகின்றன. நிற்கும்போது ரத்தத்தின் அழுத்தம் கால்களில்தான் மிகுதி என்பதால் அங்கே முதலில் வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இடுப்பின் பின்புறத்திலும் பிட்டத்திலும் வரும்.

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்து வீடுகளில் இப்படிப் புள்ளி தெரிந்ததும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ‘காணாக்கடி’ என்றோ ‘அக்கி’ என்றோ ‘வெயில் சூடு’ என்றோ முடிவுகட்டி, மந்திரித்து, காவி பூசி, ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பது ஒன்று. ‘மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அன்றிரவே எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுவது மற்றொன்று. முன்னதில் அதே அழற்சி பரவிச் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடலாம். பின்னதில் உயிருக்கே ஆபத்து வரலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், அன்றைக்கே, தவறினால் மறுநாள் காலையில், எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்விடுவதுதான் சரியான வழி. இங்கே எழுதியிருப்பவை அந்தப் பயணம் வீணாகாமல் இருப்பதற்காகவே.

புள்ளியைப் பார்த்து அறிவது

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் தெளிவாக உள்ள கண்ணாடி டம்ளரைப் புள்ளியின்மேல் அழுத்தி, கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். சாதாரணச் சிவப்பு அழுத்தத்தில் மறையும். ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிந்திருந்தால் மறையாது. நம்முடைய மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் இந்தப் புள்ளிகள் சிவப்பாகத் தெரியாமல், கரும் ஊதாவாகவோ பழுப்புக் கறுப்பாகவோ தெரியும் என்பதால், பாடப்புத்தகப் படத்தோடு ஒப்பிட்டு ‘இது அதுவல்ல’ என்று விட்டுவிடக் கூடாது. கண்ணைவிட விரல் நுனி இங்கே நம்பகமானது: கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தடவினால் புள்ளிகள் சற்றே மேடாகத் தட்டுப்படும். அந்த மேடுதான் அழற்சியின் முக்கியமான அடையாளம்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கு, குறிப்பாக முதியோருக்கு, முன்கையில் தட்டையாக ரத்தக்கட்டு வருவது வேறு. அது மேடாக இருக்காது, வலிக்காது. ரத்த அழுத்த மாத்திரையான ஆம்லோடிபின் சாப்பிடுபவருக்குக் கணுக்கால் வீங்குவதும் வேறு. அக்கி உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக, எரிச்சலோடு, நீர்க் கொப்புளங்களாக வரும். அழற்சிப் புள்ளிகள் பெரும்பாலும் இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி வரும். காணாக்கடி என்று சொல்லப்படும் தடிப்பு சில மணி நேரத்தில் ஓரிடத்தில் அடங்கி வேறிடத்தில் எழும். ஒரே தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் அதே இடத்தில் நின்று, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் மிகுந்து, மறையும்போது கறையை விட்டுச் சென்றால், அதையும் குழாய் அழற்சியாகக் கருதியே ஆராய வேண்டும்.

ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; நாள்தோறும் அதே இடத்தை அதே வெளிச்சத்தில் எடுங்கள். புதிதாக எழுந்த ஒரு புள்ளியைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு, எழுந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். எந்தப் புள்ளி புதியது என்று தெரிவது பின்னால் தோல் துணுக்குச் சோதனைக்கு மிகவும் உதவும். காவி, மஞ்சள், வேப்பிலை அரைப்பு, களிம்பு எதையும் மருத்துவர் பார்க்கும் வரை பூசாதீர்கள். பூசினால் நிறமும் எல்லையும் மறைந்துவிடும்.

மறுநாள் வரை பொறுக்கக் கூடாதவை

காய்ச்சல், சிறுநீர் சிவந்தோ தேநீர் நிறத்திலோ போவது, சிறுநீர் குறைவது, முகம் வீங்குவது, வயிற்றில் கடும் வலி, மலத்தில் ரத்தம், இருமலில் ரத்தம், மூச்சிரைப்பு, கை கால் மரத்துப்போய்ப் பாதம் தொங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அழற்சி தோலோடு நிற்கவில்லை என்று பொருள் கொண்டு அப்போதே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். தோல் உரிவது, வாயிலும் கண்ணிலும் புண், உதடு வீங்குவது ஆகியவை வேறு வகை மருந்து ஒவ்வாமைகள். அவற்றுக்கும் அதே அவசரம் உண்டு.

இருதய நோயாளிகளுக்கு மட்டுமே உரிய சில நிலைகளை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வால்வில் கோளாறு உள்ளவர்களுக்கும் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும் காய்ச்சலோடு இத்தகைய புள்ளி வந்தால், அது மருந்தின் விளைவாக இல்லாமல் வால்வில் கிருமி தொற்றியதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது மருந்துக் கடையில் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது பெரும் கேடு, ஏனென்றால் கிருமியைக் கண்டறிய எடுக்கும் ரத்த வளர்ப்புச் சோதனையில் பிறகு எதுவும் தெரியாமல் போய்விடக்கூடும். ஆஞ்சியோகிராம் செய்த பின் கால் விரல்கள் நீலமாகி வலித்து, தொடையில் வலை பின்னியது போன்ற நிறம் தெரிந்தால், ரத்தக் குழாய்ச் சுவரிலிருந்து பெயர்ந்த கொழுப்புத் துணுக்குகள் விரல்களை அடைத்திருக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை தொடங்கிய 3 முதல் 10 நாட்களுக்குள் மார்பகம், தொடை, பிட்டம் போன்ற கொழுப்பு மிகுந்த இடத்தில் கடும் வலியோடு தோல் கறுத்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

நம் பகுதிக்குரிய காரணங்களும் உண்டு. மழைக் காலத்திலும் அதையொட்டிய குளிர் மாதங்களிலும் புதர்ச் சிறுபூச்சி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வேலூர் வட்டாரத்தில் நன்கு அறியப்பட்ட நோய்; அக்குள், தொடை இடுக்கு போன்ற மறைவிடங்களில் சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெங்குவில் தட்டணுக்கள் குறைந்தும் புள்ளிகள் வரும்; ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு அது இரட்டை ஆபத்து. இரண்டிலும் காய்ச்சல் முன்னால் வரும் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் குறையும்.

மருந்துப் பட்டியல் தயாரிப்பது

மருத்துவருக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். வேறு எந்தச் சோதனையும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியானவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போடுங்கள். பிறகு ஒரு தாளில் ஒவ்வொரு மருந்தின் உள்ளடக்கப் பெயர், அளவு, தொடங்கிய தேதி, கடைசியாக அளவு மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதுங்கள். நிறுவனம் வைத்த பெயர் போதாது. நம் நாட்டில் ரத்த அழுத்த மாத்திரைகள் பலவற்றில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் இருக்கும். ‘பழைய மாத்திரைதான், பெயரில் ஓர் எழுத்து மட்டும் கூடியிருக்கிறது’ என்று நீங்கள் நினைப்பதில், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை புதிதாகச் சேர்ந்திருக்கலாம். கடையில் பாதி அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் உள்ளடக்கமும் அச்சிட்ட பகுதி போய்விடுவதால், பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்கும் பழக்கம் இருதய நோயாளி உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை. தொடங்கிய தேதி மறந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கடை ரசீதுகளையும் பாருங்கள். கைபேசியில் வந்த பணப் பரிமாற்றச் செய்தியும் தேதியைக் காட்டும்.

இருதய மாத்திரைகளை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பல் பிடுங்கியபோது தந்த அமாக்சிசிலின், மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய டைக்குளோஃபினாக், சளிக்குப் போட்ட ஊசி, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடி, சித்த மருந்து, ஊட்டச்சத்து மாவு, தடுப்பூசி என்று கடந்த இரண்டு மாதங்களில் உடலுக்குள் போனவை அத்தனையையும் எழுத வேண்டும். ஆன்டிபயாடிக்குகளும் வலி மாத்திரைகளும்தான் இந்த அழற்சியை உண்டாக்குவதில் முன்னணியில் உள்ளவை. அவற்றைச் சொல்லாமல் விட்டால், இருதயத்துக்கு இன்றியமையாத ஒரு மாத்திரைமேல் வீண் பழி விழுந்து, அது வாழ்நாள் முழுவதும் மறுக்கப்படும் நிலை வரும்.

இருதய மருந்துகளில் ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகிய நீர் மாத்திரைகள், ஹைட்ரலசின், அமியோடரோன், எனலாப்ரில், அட்டெனலால், புரொப்பனலால், டில்டியாசெம், அட்டோர்வாஸ்டாட்டின், வார்ஃபரின் ஆகியவற்றால் இந்த விளைவு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. இவற்றை லட்சக்கணக்கானோர் சாப்பிட்டு நலமாக இருக்கிறார்கள், விளைவு அரிது. ஆகவே பெயர் இந்த வரிசையில் இருப்பதைவிடக் காலக் கணக்கே முக்கியம். தொடங்கி 7 முதல் 21 நாட்களுக்குள் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. முன்பு ஒருமுறை சாப்பிட்டு ஒவ்வாத மருந்தாக இருந்தால் மூன்று நாட்களுக்குள்ளேயே வரலாம். ஹைட்ரலசின் விதிவிலக்கு: மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் வரும், சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும்.

ஏன் தாமாக நிறுத்தக் கூடாது

அட்டெனலால், மெட்டோபுரொலால் வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் இருதயத் துடிப்பு எகிறி, நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். ஸ்டென்ட் வைத்த ஓராண்டுக்குள், அதிலும் முதல் சில மாதங்களில், குளோபிடோக்ரெலையோ டிகாக்ரெலோரையோ நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைபடலாம். உலோக வால்வு வைத்தவர் உறைதடுப்பு மாத்திரைகளான அசிட்ரோமையோ வார்ஃபரினையோ விட்டால் வால்வே உறைந்து நின்றுபோகலாம், பக்கவாதமும் வரலாம். இருதயம் பலவீனமானவர் நீர் மாத்திரையை விட்டால் சில நாட்களில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். காலிலுள்ள புள்ளிகள் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடுபவை என்பதையும், மேலே சொன்னவை ஒரே இரவில் உயிரைப் பறிக்கக்கூடியவை என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்துவதில் இன்னொரு இழப்பும் உண்டு: எது குற்றவாளி என்று ஒருபோதும் தெரியாது. மருத்துவர், காலக் கணக்கில் மிகவும் பொருந்துகிற ஒன்றை நிறுத்தி, அதே வேலையைச் செய்யும் வேறு குடும்பத்து மருந்தை அதே நாளில் தொடங்கிவிடுவார். இந்த மாற்றம் இருதய மருத்துவரின் சம்மதத்தோடு நடக்க வேண்டும். உலோக வால்வு உள்ளவருக்குப் புதிய வகை உறைதடுப்பு மாத்திரைகள் ஏற்றவையல்ல என்பது போன்ற நுட்பங்களை முடிவு செய்ய வேண்டியவர் அவரே. அமியோடரோன் போன்ற சில மருந்துகள் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடலில் தங்கும். நிறுத்தியதும் புள்ளி மறையவில்லை என்பதால் அது காரணமல்ல என்று முடிவு செய்துவிட முடியாது.

மருத்துவமனையில்

ஒடுகத்தூர், அணைக்கட்டு போன்ற ஊர்களில் இருப்பவர்கள் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்துவிட்டு வேலூருக்கு வரலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சி.எம்.சி.யிலும் தோல் மருத்துவப் பிரிவு உண்டு. எங்கே போனாலும் சீட்டுப் பதியும் இடத்திலேயே ‘இருதய மாத்திரை சாப்பிடுகிறவர், காலில் ரத்தப் புள்ளி’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் ‘அரிப்பு’ என்றால் வரிசையில் பின்னுக்குப் போய்விடும். இருதய மருத்துவர் ஓர் இடத்திலும் தோல் மருத்துவர் வேறிடத்திலும் இருந்தால், ஒருவர் எழுதியதை மற்றவரிடம் காட்ட வேண்டிய பொறுப்பு குடும்பத்தாருடையது.

சோதனைகளில் மலிவானதும் மிக முக்கியமானதும் சிறுநீர்ச் சோதனை. நுண்ணோக்கியில் சிவப்பணுக்களோ, கூடவே புரதமோ தெரிந்தால் சிறுநீரகத்திலும் அழற்சி இருக்கக்கூடும். முதல் நாள் சரியாக இருந்தாலும் அடுத்த சில வாரங்களுக்கு அதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். புள்ளி ஆறிவிட்டது என்று அதைத் தவிர்க்காதீர்கள். இதோடு தட்டணு எண்ணிக்கை, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல் சோதனை, மஞ்சள் காமாலை பி, சி வைரஸ், எச்.ஐ.வி., நோயெதிர்ப்பு அமைப்பின் கோளாற்றைக் காட்டும் ஏ.என்.ஏ., ஆங்கா, காம்ப்ளிமென்ட் அளவு ஆகிய ரத்தச் சோதனைகள் தேவைக்கேற்பச் சேரும். இத்தனை எதற்கு என்று சலித்துக்கொள்ள வேண்டாம். தோல் குழாய் அழற்சியில் ஒரு பகுதிக்கு மட்டுமே மருந்து காரணம். தொற்று, மூட்டுவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், அரிதாகப் புற்றுநோய் ஆகியவையும் இருக்கலாம், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எந்தக் காரணமும் தெரிவதில்லை.

தோல் துணுக்குச் சோதனை என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு துணுக்கு எடுத்து, ஒரு தையல் போடுவது அவ்வளவே. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எழுந்த புள்ளியில் எடுத்தால்தான் சிதைந்த வெள்ளணுக்கள் தெளிவாகத் தெரியும்; மேலே பேனாவால் வட்டமிடச் சொன்னது இதற்காகத்தான். படிந்துள்ள எதிர்ப்புப் புரதத்தின் வகையைக் காண இரண்டாவது துணுக்கு எடுப்பதும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், நீரிழிவு உள்ளவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனெனில் முன்னவருக்கு ரத்தம் நிற்கவும், பின்னவருக்குக் காலில் உள்ள காயம் ஆறவும் தாமதமாகும்.

சிகிச்சையும் ஓய்வும்

தோலோடு நின்ற அழற்சிக்குக் காரணமான மருந்தை நிறுத்துவதும் ஓய்வுமே பெரும்பாலும் போதும். காலைத் தலையணைமேல் உயர்த்திப் படுக்க வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவருக்கும், குடியாத்தத்தில் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருபவருக்கும் விடுப்பு எழுதித் தரும்படி கேளுங்கள்; நிற்க நிற்கப் புதிய புள்ளி எழுந்துகொண்டே இருக்கும். இரண்டு எச்சரிக்கைகள்: மூச்சிரைப்பு உள்ள இருதய நோயாளி காலை மிக உயரமாக வைத்தால் மூச்சு திணறலாம், காலின் ரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் இறுக்கமான பட்டைக் கட்டு போடக் கூடாது.

வலிக்கு இபுப்ரூஃபன், டைக்குளோஃபினாக் வேண்டாம். அவை உடலில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இந்த அழற்சியையே உண்டாக்கவும் கூடும். மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். புண்ணாகும் அளவுக்கு முற்றினால் சில வாரங்கள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். அது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் உயர்த்தும், உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். ஆகவே ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அந்த வாரங்களில் கூடவே கூடாது, நாள்தோறும் காலையில் எடை பார்க்க வேண்டும், இரண்டு நாட்களில் இரண்டு கிலோ கூடினால் மருத்துவரை அழைக்க வேண்டும். அழற்சியைத் தணிக்கும் கோல்ச்சிசின் தந்தால், டில்டியாசெமோ வெராப்பமிலோ சாப்பிடுவதை நினைவூட்டுங்கள், சேரும்போது கோல்ச்சிசின் நஞ்சாகும். டாப்சோன் எழுதினால், சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக உள்ளதா என்று காட்டும் ஜி6பிடி சோதனை முதலில் நடக்க வேண்டும். தொழுநோய்ச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற கரிகிரி மருத்துவமனையை அறிந்த நம் மாவட்டத்தாருக்கு டாப்சோன் தொழுநோய் மாத்திரையாகவே பழக்கம் என்பதால், மருந்துச் சீட்டில் அப்பெயரைக் கண்டு ஒரு வீடே கலங்கிப்போவதுண்டு. இங்கே அது வெள்ளணுக்களின் வேகத்தைத் தணிக்கத் தரப்படுகிறது, தொழுநோய்க்காக அல்ல.

ஆறிய பிறகு

காரணமான மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் புதிய புள்ளிகள் நின்றுவிடும். பழுப்புக் கறை பல மாதங்கள் இருக்கும். அது கசிந்த ரத்தத்தின் இரும்புச் சத்து, நோய் தொடர்வதன் அறிகுறியல்ல. ‘மறுபடி சாப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே’ என்று வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். இரண்டாம் முறை விரைவாகவும் கடுமையாகவும் வரும்.

மருந்தின் உள்ளடக்கப் பெயர், விளைவு, தேதி மூன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அட்டையில் எழுதி மருத்துவரிடம் கையொப்பம் பெற்று, பணப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘பிரஷர் மாத்திரை ஒத்துக்கொள்ளாது’ என்று பொதுவாகச் சொல்லித் திரிந்தால், தேவையான நேரத்தில் நல்ல மருந்துகளும் கிடைக்காமல் போகும். பல் மருத்துவரிடமும் மருந்துக் கடையிலும் அட்டையைக் காட்டுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் தன்னார்வலரிடமும் காட்டி, அவருடைய பதிவில் குறிக்கச் சொல்லுங்கள். நிறுத்திய மாத்திரை அடுத்த மாதப் பொட்டலத்தில் திரும்ப வந்துவிடும் வாய்ப்பு உண்டு.

இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு இந்த விளைவைத் தெரிவிக்க மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. நோயாளியோ குடும்பத்தாரோ 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மருந்தின் உள்ளடக்கப் பெயர், தயாரிப்பு நிறுவனம், அட்டையிலுள்ள தொகுதி எண், தொடங்கிய தேதி, புள்ளி எழுந்த தேதி ஆகியவற்றைக் கேட்பார்கள் என்பதால், காலி அட்டைகளை அதுவரை குப்பையில் போட வேண்டாம்.